இறக்கத்தில்தான் சூட்சுமம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைப்பாதையில் ஒருநாள் சைக்கிள் பயணம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை ஏற்றத்தை விரிவாகச் சொன்னது. இறக்கத்துக்கு மட்டும் ஒரே வரி: பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் போதுமாம். அதை நம்பி இறங்குகிறவருக்குத்தான் பாதி வழியில் டியூப் வெடிக்கும்.

ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 880 கிலோஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். சைக்கிள் வேகமாக ஓடினால் இதில் பெரும்பங்கைக் காற்றே தாங்கிக்கொள்ளும். ஆள் நடக்கும் வேகத்தில் இறங்கினால் சூடு மெல்ல மெல்ல உண்டாகி ஆறிக்கொண்டே வரும். இரண்டுக்கும் நடுவில், மணிக்கு 25 கிலோமீட்டர் வாக்கில், பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டு வருவதுதான் மோசம். காற்றும் போதிய அளவு தடுக்காது, ரிம் ஆறவும் நேரம் இருக்காது. ரிம்மைக் கவ்வும் பிரேக் என்றால் உள்ளே அழுத்தம் ஏறி, டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்று, டியூப் பிதுங்கி வெடிக்கும். டிஸ்க் பிரேக்கில் டியூபுக்கு இந்தச் சூடு போகாது. ஆனால் கட்டைகள் கண்ணாடிபோல் வழவழத்துப் பிடிப்பு போய்விடும். எண்ணெயில் இயங்கும் வகையில் எண்ணெய் கொதித்துவிட்டால், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் தொளதொளவென்று ஹேண்டில்பார் வரை வரும்.

நேரான பாதையில் சைக்கிளை ஓடவிட வேண்டும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டு, பிறகு திரும்ப வேண்டும். டயருக்குச் சாலையோடு உள்ள பிடிப்பு ஒரு அளவுதான்; திரும்பவும் நிற்கவும் ஒரே நேரத்தில் கேட்டால், கொஞ்சம் மணல் கிடந்தாலும் முன்சக்கரம் வழுக்கும். திரும்பும்போது வளைவின் வெளிப்பக்கத்துப் பெடல் கீழே, உடம்பின் பாரம் அதன் மேல். உள்பக்கப் பெடல் கீழே இருந்தால் தரையில் இடிக்கும்.

முன்பிரேக்கைத் தொட்டாலே குப்புறக் கவிழ்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. பாரம் முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்சக்கரத்துடையதுதான்; பின்பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் இறுகி இழுத்துக்கொண்டு போகும். இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி உட்கார்ந்து, முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்தினால் கவிழாது. மழையில் ரிம் பிரேக் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. வளைவு வருவதற்கு வெகுமுன்பே லேசாகத் தொட்டு ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது பிரேக் கட்டைகளை. அவற்றில் உள்ள பள்ளக்கோடு மறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கட்டையில் புதைந்த மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் நெம்பி எடுக்காவிட்டால், கரகரவென்று ரிம்மை அரித்துவிடும். லீவருக்குள் ஒயர் நுழையும் இடத்தை விரித்துப் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் அந்த ஒயர் மலைக்கு ஆகாது. காற்றையும் டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்கு அடிக்க வேண்டாம்.

ஏற்றத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: செங்குத்து தொடங்குவதற்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். முக்கி மிதிக்கும்போது மாற்றினால் செயின் துள்ளும்.

குளிரைக் கட்டுரை தொடவே இல்லை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு அப்படியே இறங்கினால் பத்தே நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. உச்சியிலேயே கையுறையும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் போட்டுக்கொள்ள வேண்டும். மேல்சட்டை இல்லாதவர்கள், ஐரோப்பியப் பந்தய வீரர்களின் பழைய வழக்கப்படி, செய்தித்தாளை மடித்து மார்புக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொள்ளலாம். தங்கள் நாளிதழில் நான்கு பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்