கோலுக்குப் பின்னால் உள்ள கேலரிக்காக: ரசிகர் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ரசிகர்களுக்கு வணக்கம்.

நம் கால்பந்துக் கழகத்துக்குப் புது ஸ்டேடியம் வருமா வராதா என்று நாம் பேசிய காலம் முடிந்துவிட்டது. நிலம் உறுதியாகிவிட்டது. வரைபடத்தின் முதல் வடிவத்தை நிர்வாகம் நம் குழுவுக்குக் காட்டியும்விட்டது. ஒரு பக்கம் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. கோல்போஸ்ட்டுக்குப் பின்னால், 90 நிமிடமும் நாம் தொண்டை வறளக் கத்துகிற பக்கத்தைத்தான் சொல்கிறோம். அந்தக் கேலரியை நாம் கேட்கிறபடி மாற்றுவதற்கான கூடுதல் செலவை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டால் வரைபடத்தைத் திருத்தித் தருவதாக நிர்வாகம் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் கூடுதல் செலவுக்காகவே உங்களிடம் வந்திருக்கிறோம்.

உரிமையாளர் கட்டுகிற ஸ்டேடியத்துக்கு நாம் ஏன் பணம் போட வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கண்ணாடி அறைகளும் விருந்தினர் கூடங்களும் போட்ட பணத்தைத் திருப்பித் தரும், அதனால் அவற்றில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கோலுக்குப் பின்னால் இருப்பது குறைந்த கட்டண டிக்கெட். சிக்கனம் பார்க்க வேண்டிய நிலை வந்தால் கத்தரி முதலில் விழுவது அங்கேதான், இந்த வரைபடத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. குறை சொல்லிக் கடிதம் எழுதினோம், பதில் வந்தது, வரைபடம் மாறவில்லை. செலவில் பங்கெடுக்கிறோம் என்று சொன்ன பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

என்ன குறை என்பதைச் சற்று விளக்கியே சொல்ல வேண்டும். கேலரியின் குறுக்குவெட்டுப் படத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிறிய எண் உண்டு. பின்வரிசைக்காரரின் பார்வை, முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலே கடந்து போகிறது என்பதன் அளவு அது. 90 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது என்பார்கள் ஸ்டேடியம் வடிவமைப்பவர்கள். 120 இருந்தால் பந்து இன்னும் தெளிவாகத் தெரியும். 60-க்கு இறங்கிவிட்டால் இரண்டு தலைகளுக்கு நடுவே சந்து தேடிக் கழுத்தை வளைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நமக்குக் காட்டிய படத்தில் பக்கவாட்டுக் கேலரிகளுக்கு நல்ல அளவு வைத்திருக்கிறார்கள், நம் கேலரிக்குத்தான் குறைவு. படிகளைக் கொஞ்சம் உயர்த்தினால் தீர்ந்துவிடும். ஆனால் படி உயர்ந்தால் கடைசி வரிசை உயரும், அதற்கு மேல் கூரை உயரும், தூண்கள் கனக்கும், கடைசியில் செலவு அஸ்திவாரம் வரை போய்ச் சேரும். இருக்கையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், பெயின்ட்டை மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட் போட்ட படியை யார் மாற்றுவது? இப்போதே கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு மாற்றம், எங்களைக் கேட்டால் இதுவே முதலாவது. கோல் விழும் நொடியில் எல்லோரும் எழுந்துவிடுகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த நொடியில் முன்வரிசையின் முதுகுகள் மட்டுமே தெரிகின்றன. ஆட்டம் முழுக்கப் பார்த்தவர், எதற்காக வந்தாரோ அதை மட்டும் பார்க்காமல் வீட்டுக்குப் போய் டிவியில் பார்க்கிறார். முதல் வரைபடத்தில் இவர்களுக்கான மேடை இருக்கிறது, அதற்கு உயரம்தான் இல்லை. முன்னால் உள்ளவர்கள் எழுந்து நின்றாலும் அவர்கள் தலைக்கு மேலாக மைதானம் தெரியும்படி மேடையை உயர்த்த வேண்டும். துணைக்கு வருபவரைப் பின்னால் உட்கார வைக்காமல் பக்கத்திலேயே இடம் தர வேண்டும். எங்கள் குழுவில் இருக்கும் சக்கர நாற்காலி ரசிகர் ஒருவர் வரைபடத்தை மேசையில் விரித்து, தன் கண்மட்டத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுக் காட்டினார். கோடு நேராகப் போய் முன்வரிசைக்காரரின் தோளில் முட்டி நின்றது. அந்தத் தாளைத்தான் நிர்வாகத்திடம் எடுத்துப் போனோம்.

பெண்களுக்கான கழிப்பறைகள் கூடுதலாக வேண்டும் என்ற கோரிக்கையை நிர்வாகம் தன் செலவிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு நம் பணம் வேண்டாம்.

ஸ்டேடியம் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இத்தாலியின் யுவென்டஸ் கழகத்தைப் பார்க்கலாம். 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய டெல்லே ஆல்பி ஸ்டேடியத்தில் கிட்டத்தட்ட 69,000 பேர் உட்காரலாம். ஆனால் மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பாதை இருந்ததால் ஆட்டம் எங்கோ தூரத்தில் நடந்தது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2011-இல் சுமார் 41,000 இருக்கைகளோடு புது ஸ்டேடியம் கட்டினார்கள். இருக்கைகளைக் குறைத்துக்கொண்டு ரசிகனை ஆட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறோம்.

ரசிகர்களால் இவ்வளவு பணம் திரட்ட முடியுமா என்ற தயக்கமும் வேண்டாம். பெர்லினில் யூனியன் கழகத்தின் ஸ்டேடியத்தை 2008-09-இல் புதுப்பித்தபோது 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கூலியில்லாமல் வேலை செய்தார்கள். லண்டனின் விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தின் கதை இன்னும் நெகிழ வைப்பது. கழகத்தை வேறு ஊருக்கு மாற்ற 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். பழைய பகுதிக்கே திரும்பி பிளவ் லேனில் ஸ்டேடியம் கட்டும்போது பணம் போதவில்லை. வெளி முதலீட்டாளரிடம் கழகத்தைக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. ரசிகர்கள் கடன் பத்திரங்கள் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். 2020 நவம்பரில் அங்கே முதல் ஆட்டம் நடந்தது. கழகம் இன்றும் ரசிகர்கள் கையில் இருக்கிறது.

பழைய மைதானத்தை விட்டு வர மனம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வருத்தத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. அப்பாவின் தோளில் உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்த இடத்தை யாரும் லேசாக விட்டுவர மாட்டார்கள். ஆனால் 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு கால்பந்து மைதானத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. பழைய மரக் கேலரி, அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பை. சில நிமிடங்களில் தீ முழுக்கப் பரவி 56 பேர் இறந்தார்கள். பாதுகாப்பான வெளியேறும் வழியைப் பழைய கட்டடத்தில் ஒட்டுப்போட்டுக் கொண்டுவருவது கடினம். புதிதில் முதல் கோட்டிலிருந்தே அதைச் சேர்த்து வரையலாம்.

இனி பணத்தைப் பற்றி. நன்கொடை எதுவும் கழகத்தின் பொதுக் கணக்குக்குப் போகாது. இதற்கென்று ரசிகர் குழுவின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறோம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும். வெளியார் ஒருவர் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு எல்லா உறுப்பினர்களுக்கும் வரும். ஸ்பெயினின் வலென்சியா கழகத்தின் புது ஸ்டேடியம் 2007-இல் தொடங்கி, 2009-இல் பணமில்லாமல் நின்று, 2025-இல்தான் மறுபடி வேலை ஆரம்பித்தது. அத்தனை ஆண்டுகள் கான்கிரீட் கூடு வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அப்படி ஒரு நிலையில் நம் பணம் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக மொத்தமாகக் கொடுக்கப் போவதில்லை. திருத்திய வரைபடத்தில் கையெழுத்தானதும் ஒரு பகுதி, நம் கேலரியின் அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, படிகளை எங்கள் பொறியாளர் அளந்து சரி என்று சொன்ன பிறகே மீதி. நிர்வாகம் பின்வாங்கினால் கையில் இருப்பதை அவரவருக்குத் திருப்பித் தருவோம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இவ்வளவு தர வேண்டும் என்று தொகை எதுவும் வைக்கவில்லை. மொத்தமாகவும் தரலாம், மாதாமாதமும் தரலாம். கேலரிச் சுவரில் கொடுத்தவர் எல்லோர் பெயரும் அகர வரிசையில் வரும், தொகை போடமாட்டோம். அதிகம் கொடுத்தவருக்கு அதிக ஓட்டும் கிடையாது. பணம் தர வசதி இல்லாத கட்டடப் பொறியாளர்கள், கணக்கர்கள், வழக்கறிஞர்கள் தங்கள் நேரத்தைத் தந்தால் அதுவும் எங்களுக்குப் பெரிய உதவி. மாணவர்கள் தங்கள் சேமிப்பைத் தர வேண்டாம், உறுப்பினர் பட்டியலில் பெயர் சேர்த்தாலே போதும். எத்தனை பேர் பின்னால் நிற்கிறோம் என்பதும் பேச்சுவார்த்தையில் எடைபோடப்படும்.

வரைபடம் இறுதியாவதற்கு முன்பு திரட்டி முடிக்க வேண்டும் என்பதால், சொந்த மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்தன்றும் நுழைவாயிலில் ரசீதுப் புத்தகத்தோடு குழுவினர் இருப்பார்கள். பென்சில் கோடு போட்ட வரைபடமும் அங்கே வைக்கப்பட்டிருக்கும். பாருங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பிறகு கொடுங்கள்.

இப்படிக்கு,
கேலரி நிதிக் குழுவினர்