லயத்துப் பெண்களின் முடக்கப்பட்ட சம்பளக் கணக்குகளை விடுவிக்கவும், வட்டிக் கும்பலின் தலைவரை விசாரிக்கவும் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டக் குற்றப் புலனாய்வுப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
மாவட்டக் காவல்துறைத் தலைமையகம்.

அனுப்புநர்:
தோட்டத்து லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்துத் தாமான் வீடமைப்பிலும் குடியிருப்போர் சார்பில்,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்கு இதுவரை பதில் வரவில்லை. கவுண்டரில் முத்திரை குத்திக் கொடுத்த நகல்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பெரிய அதிகாரிக்கு ஆயிரம் வேலை இருக்கும், கடிதம் எங்காவது அடியில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டோம்.

ஐயா இந்த வட்டாரத் தோட்டத்தில் பிறந்து, இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் படித்து, இந்தப் பதவிக்கு உயர்ந்தவர். அதில் எங்களுக்கெல்லாம் பெருமை. செம்பனை ஆலைக்குப் போகிற செம்மண் சாலை, டோபிக் கடைச் சந்து, பாசார் மாலாம் இரவுச் சந்தை போடுகிற திடல் எல்லாம் உங்கள் கால் பட்ட இடங்கள். ஆகவே ஊரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அந்த வட்டிக் கும்பல் தலைவர் யார் என்றும் விளக்க வேண்டியதில்லை. பெயர் பழைய ரிப்போர்ட்டுகளில் இருக்கிறது. இந்த மனு பல கை மாறும் என்பதால் இங்கே எழுதவில்லை. பின்னால் 'தைக்கோ' (கும்பல் தலைவர்) என்றும் நேரில் 'அண்ணன்' என்றும் ஊரே அழைக்கிற அதே ஆள்தான்.

எங்கள் குறைகளை வரிசையாக எழுதுகிறேன்.

1. இவர் நடத்துவது லைசென்ஸ் இல்லாத வட்டித் தொழில். ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் கையில் வருவது 800. அதற்கு மாதாமாதம் 200 வட்டி. முதல் அப்படியே நிற்கும். 1951ஆம் ஆண்டு மலேசியக் கடன் கொடுப்போர் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காடு, அடமானம் உள்ள கடனுக்கு 12 விழுக்காடு, அதற்கு மேல் வாங்கக் கூடாது. இவர் ஒரு மாதத்திலேயே அந்த வருடக் கணக்கைத் தாண்டிவிடுகிறார். லைசென்ஸ் இல்லாமல் கடன் கொடுத்தால் 250,000 வெள்ளி முதல் ஒரு மில்லியன் வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தில் குறை இல்லை, ஐயா.

2. அடமானமாக அவர் வாங்கி வைப்பது எங்கள் ஏடிஎம் கார்டை. சிலரிடம் ஐசியையும் (அடையாள அட்டை) சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். சம்பளம் விழுகிற ஏழாம் தேதி சாயங்காலம், பேருந்து நிலையத்துப் பக்கத்து ஏடிஎம்முக்கு முன்னால் இரண்டு மோட்டார் நிற்கும். ஒரு பையன் மைலோ டின்னிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டை எடுப்பான். ஒவ்வொரு கார்டின் பின்னாலும் மார்க்கர் பேனாவில் பின் நம்பர் எழுதியிருக்கும். சீட்டுப் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக மெஷினில் விட்டுப் பணம் எடுப்பான். எடுத்து முடிந்ததும், சற்றுத் தள்ளிக் கால்வாய்ப் பக்கம் காத்திருக்கும் பெண்களைக் கூப்பிட்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பான். 1,700 வெள்ளி சம்பளத்தில் சிலருக்கு மிஞ்சுவது சில நூறு. இது ராத்திரி இருட்டில் நடப்பதல்ல. மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். சில நாள் அந்த மேசைகளில் சீருடையும் இருக்கும்.

இப்போது இந்த மனுவின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மற்றதைப் படிக்க நேரமில்லை என்றாலும் இதைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

3. கார்டு அவர் கையில் இருந்த காலத்தில் எங்கள் பெண்களின் கணக்குகளில் யார் யாருடைய பணமோ வந்து போயிருக்கிறது. வேறு ஊர்க் கடன்காரர்கள் கட்டிய வட்டி, ஆன்லைன் சூதாட்டப் பணம், தொலைபேசியில் ஏமாந்தவர்கள் அனுப்பிய பணம், எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஏமாந்த ஒருவர் எங்கோ ரிப்போர்ட் செய்திருக்கிறார். உடனே இங்கே கணக்கை முடக்கிவிட்டார்கள். கெல்டாய் கணக்கு (குற்றப் பணம் கைமாற்றப் பயன்படும் கணக்கு) என்று சொல்லி எங்கள் பெண்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கூப்பிட்டது தவறு என்று சொல்லவில்லை. தன் கணக்கை அடுத்தவர் கையில் கொடுப்பது இன்று தனிக் குற்றம் என்பதும், அதற்கென்றே 2024இல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பத்திரிகை படிக்கிறவன்தான். ஆனால் இந்தப் பெண்கள் கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கார்டை விற்கவில்லை. பிள்ளைக்கு டயாலிசிஸ், வீட்டுக்காரர் கருமாதி, பள்ளித் தொடக்கச் செலவு என்று போய் மாட்டிக்கொண்டவர்கள்.

முடக்கிய பிறகு நடப்பதைச் சொல்கிறேன். இரண்டாவது லயத்தில் ஒரு விதவைத் தாய். உரம் போடும் வேலை. மாதாமாதம் அவர் சம்பளம் ஒழுங்காக வங்கிக்குப் போகிறது, போய் அங்கேயே நிற்கிறது. அவரால் ஒரு வெள்ளி எடுக்க முடியவில்லை. தோட்டத்து ஆபீசில் கையில் கொடுங்கள் என்றால், முறை இல்லை என்கிறார்கள். வேறு வங்கியில் கணக்கு திறக்கப் போனால் கணினியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள். எஸ்டிஆர் என்கிற அரசாங்க உதவிப் பணமும் அதே கணக்கில்தான் விழுந்தது. சரி, 2025 ஆகஸ்ட் 31 முதல் மைகார்டை, அதாவது ஐசியை, காட்டிப் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் கொடுத்த 100 வெள்ளி சாரா உதவியாவது கிடைத்ததா என்றால், மைகார்டு மைலோ டின்னில் இருந்தது! கடைசியில் ஐசி திரும்பக் கைக்கு வந்தபோது அந்த 100 வெள்ளி செலவாகியிருந்தது. அவர் பெயரில் யார் அரிசியும் எண்ணெயும் வாங்கினார்கள் என்பதை அந்தக் கடையின் கேமரா சொல்லும். யாராவது போய்க் கேட்டார்களா, ஐயா?

அந்த அம்மா இப்போது வேலை முடிந்து வந்து வீடு வீடாகக் கடன் கேட்கிறார். பெரிய மகன் ஐந்தாம் படிவம். எஸ்பிஎம் தேர்வு எழுத வேண்டிய பையன் மோட்டார் வொர்க்‌ஷாப்பில் உதவியாளாக நிற்கிறான். வட்டிக்காரன் மட்டும் நிறுத்தவில்லை. கணக்கு முடங்கினால் அது உன் பிரச்சினை, வட்டி எனக்கு வந்தாக வேண்டும் என்கிறான். ஆக, போலீஸ் விசாரணை யாருடைய வருமானத்தை நிறுத்தியது? வட்டிக்காரருடையதையா, இந்த அம்மாவுடையதையா? இப்படி ஒரு வீடு அல்ல. பட்டியல் இணைத்திருக்கிறேன்.

அம்லா என்கிற 2001ஆம் ஆண்டு கள்ளப்பணத் தடுப்புச் சட்டத்தில்கூட முடக்க உத்தரவுக்கு 90 நாள் என்று ஒரு வரம்பு இருக்கிறது. எங்கள் பெண்களின் கணக்குகள் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் முடங்கியிருக்கின்றன, எந்தத் தேதி வரைக்கும், இதை எழுத்தில் கொடுங்கள். வங்கியைக் கேட்டால் போலீசைக் கேள் என்கிறது, போலீசைக் கேட்டால் வங்கியைக் கேள் என்கிறார்கள். சம்பளப் பணம் எது, மற்றவர் பணம் எது என்று தோட்டத்துச் சம்பளச் சீட்டை வைத்து அரை நாளில் பிரித்துவிடலாம். கிராணியாக இருந்தவன் சொல்கிறேன், அது கஷ்டமான கணக்கே அல்ல. சம்பளத்தை மட்டுமாவது விடுவியுங்கள், ஐயா. காலில் விழாத குறையாகக் கேட்கிறோம்.

4. இதுவரை பிடிபட்டவர்கள் எல்லாம் பையன்கள். மெஷினில் கார்டு போட்டவன், வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றியவன், கேட்டுக்குப் பூட்டுப் போட்டவன். எல்லோருக்கும் இருபதுக்குள் வயது, எல்லோரும் நம் லயத்துப் பிள்ளைகள். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான். தலைவருக்கு என்ன ஆனது? ஒரு தடவை கூட்டிப் போனார்கள், தடுப்புக் காவல் முடிந்ததும் வந்துவிட்டார். வந்த அன்று பழைய இரும்புக் கடைக்கு முன்னால் பட்டாசு வெடித்தது தலைமையகம் வரை கேட்டிருக்கும். ஃபைலுக்கு என்.எஃப்.ஏ. (மேல் நடவடிக்கை இல்லை) போட்டுவிட்டதாக அவருடைய ஆட்களே கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ரிப்போர்ட் செய்த எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை, அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஆதாரம் இல்லை என்று சொல்லாதீர்கள். பணம் எடுத்த மெஷினில் கேமரா இருக்கிறது. வங்கிகள் அந்தப் பதிவை என்றென்றைக்கும் வைத்திருக்காது, அதனால்தான் அவசரப்படுகிறோம். எடுத்த பணம் அன்று ராத்திரி எந்தக் கடைக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரியும். தவணை கேட்டு வந்த வாட்ஸ்அப் குரல் செய்திகளைப் பெண்கள் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டமாக இதைச் செய்தால் தண்டனைச் சட்டம் 130வி பிரிவில் 5 முதல் 20 வருடம் வரை சிறை. அந்தப் பிரிவைப் பையன்கள்மேல் போடத் தெரிகிறது. சோஸ்மா என்கிற பாதுகாப்புச் சட்டத்தில் 28 நாள் உள்ளே வைத்து, ஜாமீன் இல்லாமல் வழக்கு முடியும்வரை அம்மாக்களைச் சிறை வாசலில் நிற்க வைக்கத் தெரிகிறது. தலைவருடைய கார் கழுவும் கடை, இரும்புக் கடை, மனைவி பெயரில் உள்ள வீடு, இவற்றின் கணக்கை அம்லாவில் ஒரு நாள் முடக்கிப் பாருங்களேன். விதவையின் சம்பளக் கணக்கை முடக்க முடிந்தவர்களுக்கு அது முடியாதா?

5. ரிப்போர்ட் செய்தால் மறுநாளே ஆள் வருகிறது. வந்தவன் ரிப்போர்ட் நம்பரையே சொல்கிறான். இதற்கு மேல் என்ன எழுதுவது.

6. கிழவன் பழங்கதை பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். பெந்தோங் காளி என்கிற குண்டனைப் போலீஸ் 1993 ஜூன் 29இல் சுட்டுக் கொன்றபோது, இனி நம் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று தோட்டத்துக் கள்ளுக்கடையில் பேசிக்கொண்டோம். 2011இல் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை ரத்து செய்தது. அவசரகாலச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் அடைபட்டவர்கள் வெளியே வந்தார்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இருந்த 04, 08, 36 என்ற எண்கள் இன்றும் எங்கள் பேருந்து நிறுத்தச் சுவரில் இருக்கின்றன. ஓப்ஸ் என்கிற ஒவ்வொரு போலீஸ் வேட்டையின்போதும் லோரி வருகிறது, பையன்களை ஏற்றுகிறது, போகிறது. அடுத்த வருடம் வேறு பையன்கள். முதலாளி மாறவே இல்லை. கோயில் திருவிழாவுக்கு மின்விளக்கு அவருடைய உபயம், தீபாவளி வாழ்த்துப் பதாகையில் அவருடைய முகம். அந்தப் பதாகை எந்தச் சந்தியில் கட்டியிருந்தது என்று ஐயாவுக்குச் சொல்ல வேண்டுமா? தினமும் அதன் கீழேதானே உங்கள் வண்டி திரும்பியது.

கோபத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

முடக்கப்பட்ட கணக்குகளில் உள்ள சம்பளப் பணத்தை உடனே விடுவிக்க வங்கிக்கு எழுதுங்கள். இது முதல். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின்படி, ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் கடந்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், இரண்டு வாரத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அரசாங்க வழக்கறிஞருக்கு எழுதலாம். இந்த மனுவையே அந்த விண்ணப்பமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் நம்பர்கள் தனித் தாளில், ஒட்டிய உறையில் உள்ளன. அந்த உறையை ஐயா மட்டும் திறக்க வேண்டும்.

வழக்கை இந்த மாவட்டத்திலிருந்து எடுத்துப் புக்கிட் அமான் தேசியப் போலீஸ் தலைமையகத்தின் டி7 (இரகசியக் கும்பல் தடுப்பு) பிரிவுக்குக் கொடுக்கப் பரிந்துரை செய்யுங்கள். இங்குள்ள எல்லோரையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்லவர்களும் இருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியும். ஆனால் ரிப்போர்ட் நம்பர் வெளியே போகிற இடத்தில் எந்தப் பெண் வந்து வாக்குமூலம் கொடுப்பாள்? 2009ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உண்டு என்று ஒரு அதிகாரி நேரில் வந்து சொல்லட்டும். குரல் செய்தி வைத்திருப்பவர்கள் பேசத் தயாராக இருக்கிறார்கள். தோட்டத்துக்குள் வேண்டாம், எல்லோரும் பார்ப்பார்கள். வேறு ஊரில் வைத்துக் கூப்பிடுங்கள், வேனுக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

அப்புறம், இன்னமும் அவரிடம் இருக்கிற ஐசிகள். மற்றவர் ஐசியை வைத்திருப்பதே குற்றம். அந்த மைலோ டின் எந்தக் கடையின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று உறைக்குள் எழுதியிருக்கிறேன். ஏழாம் தேதி சாயங்காலம் வந்தால் அலமாரிவரைகூடப் போக வேண்டியதில்லை.

இதற்கும் பதில் வராவிட்டால், 2023 ஜூலை முதல் இயங்கும் ஐபிசிசி என்கிற போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும் அரசாங்க வழக்கறிஞருக்கும் போகிற கடிதங்கள் தயாராக இருக்கின்றன. மிரட்டுவதாக நினைக்க வேண்டாம், எங்களுக்கு வேறு வழி இல்லை. நம் ஊர்ப் பிள்ளை அந்த நாற்காலியில் இருக்கும்போது வேறு வாசலுக்குப் போவதற்கு எங்களுக்கே சங்கடமாக இருக்கிறது.

மறுபடியும் கேட்கிறேன், ஐயா. சம்பளத்தை விடுவியுங்கள். அடுத்த ஏழாம் தேதிக்கு முன்னால்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி
மற்றும் கையொப்பமிட்டோர்

இணைப்பு: முடங்கிய கணக்குகளின் பட்டியல், சம்பளச் சீட்டு நகல்கள், ஒட்டிய உறை ஒன்று, இம்மனுவின் மலாய்ப் பிரதி.

குறிப்பு: கையொப்பத் தாளில் வீட்டு எண்கள் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் அழைத்து வருகிறேன்.