முட்டுகளைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்

பெங்களூரு அல்சூரில் நம் தெருச் சமுதாயக் கூடத்தை நடத்திவரும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கூடத்துக்கு மேல் இன்னொரு தளம் எழும்புவதில் எனக்கு மகிழ்ச்சிதான். காதுகுத்து விழாவும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும் ஒரே நாளில் வந்தால் பிள்ளைகளைப் படிக்கட்டில் உட்காரவைக்கும் கூத்து இனி இருக்காது. நான் கட்டட மேற்பார்வை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எதிர்மாடியில் காபியோடு நின்று உங்கள் வேலையைப் பார்ப்பதுதான் இப்போது என் உத்தியோகம்.

பழைய கூடத்தைக் கட்டியவர்கள், மேல்தளம் வரும் என்று தூண் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டி விட்டிருந்தார்கள். நல்ல முன்யோசனை. ஆனால் அவற்றை யாரும் மூடி வைக்கவில்லை. காவலாளி அவற்றில் கொடி கட்டித் துணி உலர்த்தினார். இத்தனை மழைக்காலம் நனைந்த கம்பிகளைத் தேய்த்தபோது துரு அப்பளம்போலப் பெயர்ந்து விழுந்தது. தேய்த்தபின் மிஞ்சிய கனத்தை யாராவது அளந்தார்களா? அளந்திருந்தால் பொறியாளரின் குறிப்பை வாசலில் ஒட்டுங்கள். இல்லையென்றால், அந்தத் தூண்களைச் சோதிக்காமல் சுவர் எழுப்பாதீர்கள்.

தளம் போட்ட அன்று வேலை அருமை. மறுநாள் பாத்தி கட்டி நீர் நிறுத்தினார்கள். அது வற்றியபின் மறுபடி நிரப்ப ஆளில்லை. லாரி வரவில்லை என்கிறார் மேஸ்திரி. 2024 கோடைத் தட்டுப்பாட்டில், கட்டட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். சுத்திகரித்த நீரை வாரியமே விற்கிறது. அதை வாங்கிக் குறைந்தது பத்து நாளாவது தளத்தை ஈரமாக வைத்திருங்கள்.

இப்போது உண்மையான கவலைக்கு வருகிறேன். தையில் திறப்பு விழா என்று அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம். அதனால் அடுத்த வாரமே புதுத் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறீர்களாம். நடுவில் தூணில்லாத கூடம் அது. ஆறு மீட்டருக்கு மேல் நீளும் பீமுக்கு முட்டு 21 நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. அதுவும் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு, வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில். இறங்கிக் கிடக்கும் மூட்டைகளோ சாம்பல் கலந்த சிமென்ட், அது மெதுவாகத்தான் இறுகும். மார்கழிக் குளிர் வேறு. நாள் கூடுமே தவிரக் குறையாது.

ரெய்ச்சூரிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் இரவில் அந்த முட்டுகளுக்கு நடுவில்தான் படுக்கின்றன. ஒரு முட்டில் புடவைத் தொட்டில் தொங்குகிறது. 2024 அக்டோபரில் நம் ஊர் பாபுசாபாளையத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்தபோது செத்தவர்களும் இப்படி வேலைக்கு வந்தவர்கள்தான். கீழ்க்கூடம் இரவில் பூட்டித்தானே கிடக்கிறது, அவர்களுக்கு அதைத் திறந்துவிடக் கூடாதா?

விழாவைத் தள்ளினால் பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணம் போய்விடும் என்று உங்களில் ஒருவர் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். தொகையைச் சொல்லுங்கள், தெருக்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுத் தருகிறோம். மாசியில் முகூர்த்தத்துக்கா பஞ்சம்?

இப்படிக்கு,
எதிர்வீட்டு மாடிக்காரன்