மோரிஸ் மைனர் இருக்கைகளைப் புதுப்பிக்கத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்பார்ந்த உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம்.

டிக்கோயாவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் 1960ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 காரின் இருக்கைகளுக்கு, கடையில் கொடுக்காமல் வீட்டிலேயே புது உறை தைத்து மாட்டி முடித்திருக்கிறோம். பார்ப்பவர்கள் எங்களைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு யார் யாருக்குச் சேர வேண்டும் என்பதை எழுதி வைப்பது எங்கள் கடமை. பெயர் போட வேண்டாமென்று பலர் கேட்டுக்கொண்டதால் அவரவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி அட்டனில் குஷன் வேலை செய்யும் பாஸ் அவர்களுக்கு. முழு வேலையையும் தம்மிடமே தருமாறு அவர் கேட்டிருக்கலாம். மாறாக, கடை பூட்டியிருந்த போயா தினத்தில் எங்கள் விறாந்தையில் பாய் விரித்து அமர்ந்து, பழைய உறையைப் பிரிக்கும் விதத்தைக் காட்டித் தந்தார். நூலை மட்டும் அறுத்து, ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் இடம் வலம், மேல் கீழ் என்று எழுதி, இரு துண்டுகள் சந்திக்கும் இடங்களில் சோக்கால் குறியிட்ட பிறகே அடுத்த துண்டைத் தொட விட்டார். பழைய ஊசித்துளைகள் ஓடும் கோடுதான் தையல் கோடு, அதற்கு வெளியே இருப்பது தையலுக்கு விட்ட ஓரம் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. சாரதி இருக்கையின் தோல் பல்லாண்டுகள் ஆள் உட்கார்ந்து நீண்டிருக்கும் என்பதால், அதை அப்படியே அளவாக எடுக்காமல், குறைவாகப் புழங்கிய பக்கத்து இருக்கையோடு ஒப்பிடச் சொன்னார். உட்காரும் பகுதியில் ஓடும் நீள வரிகளைத் தைக்கத் தைக்க அகலம் குறைந்துகொண்டே வரும். ஆகவே றெக்சீன், மெல்லிய ஸ்பொஞ்ச், காடாத் துணி மூன்றையும் சேர்த்து வரிகளை முதலில் தைத்துவிட்டு, அதன் பின்னரே வடிவத்தை வெட்ட வேண்டும். இந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எவ்வளவு றெக்சீனை மிச்சப்படுத்தியதோ!

அடுத்து, பாடசாலைச் சீருடை தைக்கும் எங்கள் அத்தை. தமது மிதி மெஷினில் பதினெட்டாம் நம்பர் ஊசியைப் போட்டு, தையலை வழக்கத்தைவிட நீளமாக வைத்தார். நெருக்கித் தைத்தால் றெக்சீன் தபால் முத்திரைத் தாள் போலத் துளை வழியே கிழிந்துவிடும் என்றார். ஓரத்தில் உருண்டை விளிம்பாகத் தைக்கும் பைப்பிங் மூலையில் திரும்பும் இடத்தில் நான்கைந்து மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அங்கே மிதியிலிருந்து காலை எடுத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கினார். எங்கள் வேலையில் மூலைகள்தான் கடை வேலைக்கு ஈடாக நிற்கின்றன, அவை முழுக்க முழுக்க அவர் கைவண்ணம்.

இருக்கைச் சட்டத்தின் துருவைச் சுரண்டி, விட்டுப்போன இடத்தை ஒட்டவைத்துத் தந்த தோட்டத் தொழிற்சாலை பிற்றருக்கும், அடியில் கொக்கிகளில் மாட்டும் ரப்பர் விரிப்பைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாகத் தேடிய தம்பிக்கும், ரப்பர் பூசிய தும்பு மெத்தையை அளவாக வெட்டித் தந்த நண்பருக்கும் நன்றி.

பேக்கரிக்கார அண்ணனைத் தனியே குறிப்பிட வேண்டும். எங்கள் ஊர்ப் பனியில் றெக்சீன் விறைத்துவிடும். விறைத்ததை இழுத்து மாட்டினால் சுருக்கம் விழும், வலிந்து இழுத்தால் தையல் விடும். போறணைக்குப் பின்னாலுள்ள சூடான அறையைத் திறந்துவிட்டு, தைத்த உறைகளை அங்கே வைத்து இளக்கி, அங்கேயே மெத்தைமேல் மாட்டிக்கொள்ள இடம் தந்தார். பசை பூசும் வேலையை மட்டும், பாணுக்கு அந்த மணம் ஆகாது என்பதால், வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அதுவும் மழையும் மூடுபனியும் விலகிய நேரங்களில்தான், ஈரக் காற்றில் பசையின் மேல் நீர் படிந்து பிடிமானம் கெடுகிறது.

இந்தக் காரின் டி லக்ஸ் வகையில் ஆள் அமரும் முகப்புக்குத் தோலும் மற்றப் பக்கங்களுக்கு றெக்சீனும் போடுவது அக்கால வழக்கம். எங்கள் கைக்கு எட்டியது முழுதும் றெக்சீன்தான்; நிறத்தையும் வரிகளின் அகலத்தையும் மட்டும் பழையபடியே வைத்தோம். ஜப்பான் வாகனத்து இருக்கைகளைக் கழற்றிப் பூட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும் என்று ஆலோசனை சொன்னவர்களுக்கும் நன்றி, அவர்கள் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் காருக்குள் அந்த இருக்கைகளை நினைத்துப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

இரவல் வாங்கிய குறடு, கத்திரி, பெரிய ஊசிகள் யாவற்றையும் இந்த வார இறுதிக்குள் உரியவர்களிடம் சேர்த்துவிடுவோம். பிரித்த பழைய உறைத் துண்டுகளும் அவற்றைப் பார்த்து வெட்டிய காகித அளவுகளும் எங்களிடம் பத்திரமாக உள்ளன. இதே வகைக் கார் வைத்திருப்போர் வந்து வாங்கிச் சென்று, வேலை முடிந்ததும் திருப்பித் தரலாம்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
டிக்கோயாவிலிருந்து ஒரு குடும்பம்