ஹெர்ட் தீவுக் கடல்: ஆஸ்திரேலியச் சுற்றுச்சூழல் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பெர்த்திலிருந்து தென்மேற்கே சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி, மனிதரே குடியில்லாமல் கிடக்கும் ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகளைப் பற்றி எழுதுகிறேன். 2025 ஏப்ரலில் அமெரிக்கா அவற்றுக்கும் 10 சதவீத இறக்குமதி வரி போட்டபோது, பென்குவின்கள் எதை ஏற்றுமதி செய்கின்றன என்று எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் கிண்டல் ஓடியது. அப்புறம் எல்லாரும் மறந்துவிட்டோம்.

அதே ஆண்டு ஜனவரியில் உங்கள் அரசு அங்குள்ள கடல் காப்பகத்தை ஏறத்தாழ 71,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 3,80,000 ஆக்கியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கடல் உள்ளே வந்தது, எது வெளியே நின்றது? கடலடி மலைகளும் பள்ளத்தாக்குகளும், சீல்களும் பறவைகளும் இரை தேடும் இடங்களும் பல விடுபட்டன என்று ஆய்வாளர்கள் அப்போதே சொன்னார்கள். மீன்பிடி நிறுவனங்களோடு வம்பு வராத தண்ணீராகப் பார்த்து வேலி போட்டது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

அங்கே தீவு வேறு, கடல் வேறு என்று பிரிக்க முடியாது. ஹெர்ட் தீவில் 2,745 மீட்டர் உயரமுள்ள பிக் பென் மலை இன்னும் உயிரோடிருக்கும் எரிமலை. அதன் பாறையைப் பனியாறுகள் அரைத்து மாவாக்கிக் கடலில் கொட்டுகின்றன. அதில் இரும்பு இருக்கிறது. தென் பெருங்கடலில் இரும்புக்குத்தான் பஞ்சம். அது விழுந்த இடத்தில் நுண்பாசி பெருகுகிறது, அதை நம்பிச் சிற்றுயிர்கள், மீன்கள், கடைசியில் யானை சீல்கள் வரை பிழைக்கின்றன. டூத்ஃபிஷ் தேடிக் கப்பல்கள் வருவதும் இதே வளத்தை நம்பித்தான். ஐம்பது வயது வரை வாழக்கூடிய மீன் அது. தமிழ்க் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்பார்களே, அந்த வகைத் தூண்டிலை ஆழத்தில் இறக்கிப் பிடிக்கிறார்கள். உரிமம் பெற்றவர்கள் விதிப்படிதான் பிடிக்கிறார்கள், சரி. விதிப்படி பிடித்தாலும் சீலுக்குப் போகவேண்டிய இரை குறையத்தானே செய்யும்?

திருட்டு மீன்பிடிப்பில் நீங்கள் காட்டிய பிடிவாதம் எனக்கு நினைவிருக்கிறது. 2003இல் வியார்சா என்ற கப்பலைத் தென் அட்லாண்டிக் வரை மூன்று வாரம் துரத்திப் பிடித்தீர்கள். அந்தப் பிடிவாதத்தில் பாதியாவது இப்போது தேவைப்படுகிறது. 2025 நவம்பரில் ஹெர்ட் தீவின் யானை சீல்களிடம் எச்5 பறவைக் காய்ச்சல் உறுதியானது. இதே நோய் வந்த, தென் அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் ஈனும் பெண் யானை சீல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியானது. ஹெர்ட்டில் நோயைக் கண்டறிந்த அரசு ஆய்வுப் பயணமோ இருபது ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு நடந்தது!

விடுபட்ட கடலடி மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் மீன்பிடிப்பு அறவே இல்லாத பகுதிகளாகக் காப்பகத்துக்குள் சேர்க்க வேண்டுகிறேன். ஆய்வுக் கப்பல் ஒழுங்காக அங்கே போய்வர நிரந்தர நிதியும் வேண்டும். எப்போது செய்வீர்கள் என்பதையும் நாடாளுமன்றத்தில் தேதியோடு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெர்த்வாழ் தமிழ் வாக்காளர் ஒருவர்