பாதையை முதலில் வரையுங்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதமும் ஊர்த் திட்ட வரைபடங்களும் வந்து சேர்ந்தன. உள்ளாட்சியின் திட்டக் குழுவில் உன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்ற செய்தி எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மகள் தேர்ச்சி பெற்றதற்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது; மாலையில் மறுபடியும் நடக்கப் போகிறார். அவரை மனத்தில் வைத்துத்தான் உன் வரைபடத்தைப் பார்த்தேன்.

குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிலப் பயன்பாட்டு மண்டலங்கள் முதலில் நிறம் பெற்றிருக்கின்றன. அடுத்து சாலைகள். எல்லாம் முடிந்த பிறகு, மிஞ்சிய இடுக்குகளில் நடைத்தடத்துக்கு ஒரு பச்சைப் புள்ளிக்கோடு. அது மதில்களுக்குப் பின்னால் ஒளிந்து போகிறது, புறவழிச் சாலை வந்ததும் அறுந்துபோகிறது, அப்பால் வேறெங்கோ தொடங்குகிறது. அறுந்த பாதையில் யாரும் நடக்க மாட்டார்கள். பத்து ஆண்டு கழித்து, "தடம் போட்டோம், யாரும் பயன்படுத்தவில்லை" என்று அதே அலுவலகம் கோப்பில் எழுதும். குழுவில் நீ ஒன்றே ஒன்றை வற்புறுத்துவதாக இருந்தால் இதை வற்புறுத்து: நடைத்தடத்தை முதலில் வரையுங்கள், மனைகளைப் பிறகு பிரியுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கட்டடத்தைவிடக் கோட்டுக்கு ஆயுள் அதிகம். 1666-இல் லண்டன் நகரத்தின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. சில நாட்களிலேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகன்ற நேர்ச் சாலைகளுடன் புதிய நகரத்தை வரைந்து மன்னரிடம் கொடுத்தார். அது நிறைவேறவில்லை: வீடுகள் சாம்பலாகியிருந்தாலும் மனைகளுக்கு உரிமையாளர்கள் இருந்தார்கள். சில தெருக்கள் அகலப்படுத்தப்பட்டதைத் தவிர, நகரம் பெரும்பாலும் பழைய கோடுகளின் மேலேயே எழுந்தது.

நியூயார்க்கின் கதை இன்னும் கடுமையானது. 1811-இல் மன்ஹாட்டன் தீவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் திட்டம் போட்டார்கள். அதில் ஒதுக்கிய மிகப் பெரிய திடலையும் சில ஆண்டுகளிலேயே சுருக்கிவிட்டார்கள். மக்கள்தொகை பெருகி மூச்சுமுட்டிய பிறகு, 1853-இல் சட்டம் இயற்றி சென்ட்ரல் பார்க்குக்கு நிலம் எடுத்தார்கள். அதற்காகச் சுமார் 1,600 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கறுப்பின மக்கள் சொந்த நிலமும் தேவாலயங்களும் வைத்து வாழ்ந்த செனகா கிராமம் அதோடு மறைந்தது. இன்று உலகமே அந்தப் பூங்காவைக் கொண்டாடுகிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால், காலம் தாழ்த்தி இடம் ஒதுக்கினால் அதன் விலையை எளியவர்களே கொடுக்க நேர்கிறது என்பதை உன் குழு மறக்கக் கூடாது.

அதே தீவில் பிராட்வே என்ற சாலை கட்டங்களை மதிக்காமல் கோணலாக ஓடுகிறது, கவனித்திருப்பாய். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டாக்கிய தடத்தைப் பெரும்பாலும் ஒட்டிச் செல்வது அது. 1811-இன் திட்டத்தில் அதன் வடபகுதிக்கு இடமே இல்லை. இருந்தும் அது பிழைத்துக்கொண்டது. அது அவென்யூ எனப்படும் நெடுக்குச் சாலைகளை வெட்டும் இடங்களில்தான் யூனியன் சதுக்கமும் டைம்ஸ் சதுக்கமும் உருவாயின. 2009-இல் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வேயைக் கார்களுக்கு மூடி, நடப்பவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு இந்தச் செய்தியில் அலுப்பே வருவதில்லை.

ஆகவே மக்கள் ஏற்கெனவே நடக்கும் ஒற்றையடிப் பாதைகளைத் தேடிக் குறியுங்கள். இங்கிலாந்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகமும் தன் பகுதியின் நடைவழிகளைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. இருபது ஆண்டுகள் தடையின்றிப் பொதுமக்கள் நடந்த வழி பொதுவழியாகக் கருதப்படும் என்பதும் அங்கே சட்டம். உங்களிடம் அப்படிச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, கணக்கெடுப்பை யாரும் தடுக்க முடியாது. ஊர் முதியவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வரைபடத்தில் கோடு போடச் சொல். அலுவலகத்தில் இருக்கும் எந்த ஆவணத்திலும் இல்லாத வழிகள் அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது தாளில் இருக்கும் கைவிடப்பட்ட ரயில் பாதையைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லையே! அதைத் துண்டு போட்டு விற்க விட்டுவிடாதே. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆதலால் அந்த நிலம் சக்கர நாற்காலிக்கும் முதியவர்களுக்கும் ஏற்ற மெல்லிய சரிவு கொண்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரை சுமார் 50 கிலோமீட்டர் பழைய ரயில் தடம், அதன் மூன்று சுரங்கங்களோடு, 1967-இல் மிதிவண்டித் தடமானது. பிற்காலத்தில் ரயில் தேவைப்பட்டால் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாட்டோடு இத்தகைய நிலங்களைத் துண்டாகாமல் காக்க 1983-இல் அங்கே சட்டமே வந்தது. சிங்கப்பூரில் 2011-இல் தஞ்சோங் பகார் நிலையம் வரையிலான ரயில் சேவை நிறுத்தப்பட்டபோது, தெற்கிலிருந்து வடக்குவரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நிலம் ஒரே நீளமாகக் கைக்கு வந்தது. அதைப் பசுமை வழியாக வைத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு மனை விற்றுப்போனால் போதும், முழு நீளமும் வீண்.

புறவழிச் சாலையைத் தடம் கடக்கும் இடத்தில் மேம்பாலம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல். படியேறிக் கடக்க முடியாதவர்களுக்காகத்தானே இந்தத் தடம்? சாலை மட்டத்திலேயே மேடான கடவை, நடுவில் நின்று மூச்சு விட ஒரு திட்டு, அதற்கு முன்பே வாகன வேகத்தைக் குறைக்கும் அமைப்பு ஆகியவற்றைக் கேள். நடப்பவர்களும் வாகனங்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்கட்டும் என்று சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020-இன் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொல்கிறது. அதைக் கூட்டத்தில் எடுத்துப் படி.

தடம் முழுவதற்கும் விளக்கும் தார்த்தளமும் வேண்டும் என்ற உன் யோசனையில் மட்டும் நான் வேறுபடுகிறேன். ஊருக்குள் விளக்கு அவசியம், பெண்கள் இருட்டிய பிறகும் அச்சமின்றி நடக்க வேண்டும். நீர்நிலையை ஒட்டிய பகுதியில் இரவெல்லாம் ஒளி பறவைகளையும் பூச்சிகளையும் அலைக்கழிக்கும்; அங்கே நீரை உறிஞ்சும் தளமும், தாழ்வான, நேரம் வைத்து அணையும் விளக்குகளும் போதும். அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது: நடப்பவர்களும் மிதிவண்டிகளும் ஒரே வழியில் போக மூன்று மீட்டராவது வேண்டும்.

நில உரிமையாளர்களின் எதிர்ப்பைச் சற்று எரிச்சலோடு எழுதியிருக்கிறாய். தோட்டத்தின் ஓரமாக அந்நியர்கள் நடந்தால் திருட்டு வருமோ, மறைவு போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. வரைபடம் அச்சாவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ப் பேசு. வேலி யார் போடுவது, குப்பையை யார் அள்ளுவது, புகார் வந்தால் யார் பதில் சொல்வது என்பதை எழுத்தில் கொடுங்கள். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

ஆட்சேபணைக் காலம் முடிவதற்குள் ரயில் நிலத்தின் உரிமை ஆவணத்தையும், கடவையின் விரிவான வரைபடத்தையும் எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு என் கருத்தை மனுவாகவே எழுதி அனுப்புகிறேன், குழுவிடம் நீயே கொடு.

அன்புடன்,
உன் நண்பன்