பழைய பத்திரத்தை முழுதாகப் படி, கயல்

அன்புள்ள கயலுக்கு,

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்துத் தெற்கு மினியாபொலிஸில் நீயும் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கிற வீடு 1926-ல் கட்டியது என்று சொன்னாய். கூரை, அடித்தளம், ஹீட்டர் எல்லாவற்றையும் ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. சந்தோஷம். இனி பத்திரம். கடன் தருகிறவர்கள் கேட்கிற அளவோடு நிறுத்திவிடாதே. அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்து மனை என்றால், பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் "இன்ன இனத்தார் இங்கே குடியிருக்கக் கூடாது" என்று ஒரு ஷரத்து இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

போன வாரம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். அடிமை முறை ஒழிந்து 150 ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் அங்கே கருப்பினத்தவர் ஏன் இவ்வளவு பின்தங்கி இருக்கிறார்கள் என்று. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், நடுவரிசையில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கருப்பினக் குடும்பத்துக்கு 44,900. ஆறு மடங்குக்கும் மேல். சம்பளத்தில் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. இந்தப் பள்ளத்தில் ஒரு பெரிய பங்கு வீட்டால் வந்தது. யாருக்கு வீடு விற்றார்கள், யாருக்குக் கடன் கொடுத்தார்கள், அந்த வீட்டின் மதிப்பு பிள்ளைகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதால் வந்தது. நீ வாங்கப்போகும் தெருவிலேயே அதைப் பார்க்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஷரத்து. இனம் பார்த்துத் தெரு பிரித்து நகராட்சி சட்டம் போடக் கூடாது என்று 1917-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகர வழக்கு அது. அரசு செய்யக் கூடாததை விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளலாமா என்ற கேள்வி 1926-ல் வாஷிங்டன் நகரிலிருந்து வந்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. உன் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட அதே ஆண்டு. அதற்குப் பிறகு நாடு முழுக்க மனை போடுகிறவர்கள் தயக்கமே இல்லாமல் எழுதத் தொடங்கினார்கள்.

மினியாபொலிஸில் அதற்கு முன்பே, 1910-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். சீன, ஜப்பானிய, மூர், துருக்கிய, நீக்ரோ, மங்கோலிய அல்லது ஆப்பிரிக்க ரத்தமோ வம்சமோ உள்ள எவருக்கும் இந்த இடத்தை எக்காலத்திலும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது என்பது அந்த ஆண்டு அங்கே பதிவான ஷரத்தின் சாரம். பின்னால் வந்தவை இன்னும் சுருக்கம்: "காக்கேசிய இனத்தார் தவிர வேறு எவரும்" என்று ஒரே வீச்சு, காக்கேசியர் என்றால் வெள்ளையர். பல ஊர்ப் பத்திரங்களில் ஒரு விலக்கும் சேர்த்திருப்பார்கள். வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் தங்கலாம். சமைக்கலாம், பிள்ளையைத் தூக்கி வளர்க்கலாம், சொந்தமாக வீடு வாங்கிக் குடியிருக்கக் கூடாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஷரத்தை மீறினால் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதி வைத்தார்கள். சிலவற்றில் மனை பழைய உரிமையாளருக்கே திரும்பிவிடும். சிலவற்றில் பக்கத்து மனைக்காரர் எவரும் நீதிமன்றம் போய் வெளியேற்றும் உத்தரவு வாங்கலாம். இந்த நிபந்தனை மண்ணோடு ஒட்டியது. எத்தனை கை மாறினாலும் கூடவே வரும். ஒரு தெருவில் நாலைந்து மனைக்கு இப்படி எழுதினாலே போதும், மற்றவர்களும் விற்கப் பயப்படுவார்கள்.

நம்மவர்கள் இதில் எங்கே என்று கேட்பாய். 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிச் சீக்கியர் குடியுரிமை கேட்டுப் போன வழக்கில், இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். 1946-ல்தான் வழி திறந்தது. அதனால் "காக்கேசியர் மட்டும்" என்ற வரி உன்னையும் வெளியே நிறுத்தத்தான் பயன்பட்டிருக்கும். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு போனவர்களுக்குக் கதவு திறந்தே கிடைத்தது. கருப்பினத்தவர் போராடித் திறந்த கதவு அது. அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களைப் பார்த்து "நாங்கள் முன்னேறவில்லையா, இவர்கள் ஏன் முன்னேறவில்லை" என்று நம்மவர் சிலர் பேசுவதை நீயும் கேட்டிருப்பாய். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாதே.

ஷரத்துக்குத் துணையாக மிரட்டலும் இருந்தது. நீ பார்த்த வீட்டுப் பக்கத்தில் கொலம்பஸ் அவென்யூ இருக்கிறது அல்லவா? அங்கே 4600 எண் வீட்டை 1931-ல் ஆர்தர் லீ என்ற கருப்பினத்தவரும் மனைவி ஈடித்தும் வாங்கினார்கள். முதல் உலகப் போரில் பணியாற்றியவர், தபால் துறை ஊழியர். வாங்கிய விலைக்கு மேலே தருகிறோம், போய்விடு என்றார்கள் அக்கம்பக்கத்தார். அவர் அசையவில்லை. ஆயிரக்கணக்கில் கூட்டம் இரவில் வீட்டைச் சூழ்ந்து கல்லெறிந்தது. அவருக்கு வழக்கறிஞராக நின்றவர் லீனா ஆலிவ் ஸ்மித், மினசோட்டாவில் வழக்கறிஞரான முதல் கருப்பினப் பெண். மிரட்டலுக்குப் பயந்து அவர்கள் உடனே விற்கவில்லை. அந்த வீடு இன்றும் நிற்கிறது, 2014-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். ஒருநாள் நடந்து போய்ப் பார்.

இனி கடன் கணக்கு. உண்மையான சேதம் இங்கேதான். 1930-க்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்றால் வீட்டு விலையில் பாதியை நீ கையில் வைத்திருக்க வேண்டும். 6,000 டாலர் வீட்டுக்கு 3,000 முன்பணம். மீதிக்கு ஐந்து ஆண்டு வட்டி மட்டும் கட்டிவிட்டு, கடைசியில் அசல் 3,000-ஐ மொத்தமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் கடனைப் புதுப்பிக்க வேண்டும். 1929-க்குப் பிறகு வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன, வீடுகள் ஏலத்துக்குப் போயின. இதைச் சரிசெய்ய 1934-ல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வந்தது. அது கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடன் மூழ்கினால் ஈடுகட்டுவேன் என்று காப்பீடு கொடுத்தது. 1938 திருத்தத்துக்குப் பிறகு 6,000 டாலர் வரையுள்ள புது வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம், 25 ஆண்டுத் தவணை. கணக்குப் போட்டுப் பார்: 600 டாலர் கையிலிருந்து, கடன் 5,400, வட்டி 5 விழுக்காடு என்றால் மாதம் ஏறத்தாழ 31.60 டாலர். காப்பீட்டுக்கு அரை விழுக்காடு சேர்த்தால் 34-க்குள். தொழிற்சாலைக் கூலிக்காரரும் வீட்டுக்காரர் ஆகலாம்.

ஆனால் அந்தக் காப்பீட்டுக்கு ஒரு கையேடு இருந்தது. ஒரே சமூகத்தார், ஒரே இனத்தார் தொடர்ந்து குடியிருந்தால்தான் ஒரு வட்டாரத்தின் மதிப்பு நிலைக்கும் என்று 1938 பதிப்பு மதிப்பீட்டாளருக்குச் சொல்லிக்கொடுத்தது. இன ஷரத்து இருந்தால் நல்லது என்றும் பரிந்துரைத்தது. டெட்ராய்ட்டில் 1941-ல் ஒரு மனை வியாபாரி கருப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்டப் போனார். காப்பீடு கிடைக்கவில்லை. நடுவே ஆறடி உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். உடனே கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள். இணையத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வண்ணம் தீட்டிய பழைய நகர வரைபடங்களைக் காட்டி, இதில் சிவப்பான இடங்களுக்குத்தான் கடனை மறுத்தார்கள் என்று எழுதுவார்கள். அந்த வரைபடங்கள் வேறொரு அமைப்பு போட்டவை. 1933-ல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் நிறுவனம் 1935 முதல் 1940 வரை 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைந்தது. அதற்குள் அது தன் பத்து லட்சம் கடன்களில் பெரும்பாலானவற்றைக் கொடுத்து முடித்திருந்தது. கருப்பினத்தவருக்கும் கொடுத்திருக்கிறது. காலங்காலமாகக் கதவை மூடியது காப்பீடு தந்த நிர்வாகம்தான். அது தனக்கென்று வேறு வரைபடங்கள் வைத்திருந்தது, அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. சிவப்பு வரைபடம் பார்த்த வங்கி எழுத்தர் ஒருவர் மேல் பழியைப் போடுவது சுலபம். கையேடு எழுதி, பயிற்சி கொடுத்து, கோப்பில் முத்திரை குத்தியது அரசாங்கம்.

வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் எப்படி வீடு வாங்கினார்கள்? ஒப்பந்தத் தவணையில். சிகாகோவின் லான்டேல் வட்டாரம் இதற்குப் பேர்போனது. இடைத்தரகர் வெள்ளையரிடம் 6,000-க்கு வாங்கி, கருப்பினக் குடும்பத்துக்கு 10,000-க்கு விற்பார் என்று வை. 1,000 முன்பணம், 9,000-க்கு 7 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு: மாதம் 70 டாலர். மேலே சொன்ன 34-ஐப் போல் இரண்டு மடங்கு. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினால் ஜப்தி, ஏலம் என்ற சடங்கே கிடையாது, கட்டியது முழுக்கப் போய்விடும். அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு மறுபடி விற்பார்கள். தவணை கட்டுவதற்காகக் கணவன் மனைவி இருவரும் இரட்டை வேலை பார்த்தார்கள், மாடியை வாடகைக்கு விட்டார்கள், பழுது பார்க்கப் பணம் இருக்காது. வீடு பாழாகும். பாழான வீட்டைக் காட்டி "இவர்கள் வந்தால் மதிப்பு விழும்" என்பார்கள். 1968-ல் அங்கே இப்படி ஒப்பந்தத்தில் வீடு வாங்கியவர்கள் சங்கம் அமைத்துத் தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள்.

இது பழங்கதை என்று நினைக்காதே. மினசோட்டாவில் இந்த ஒப்பந்த விற்பனை இன்றும் சட்டப்படி உண்டு. வட்டி ஆகாது என்று நினைக்கும் சோமாலியக் குடும்பங்களைக் குறிவைத்து விற்றது வெளியே வந்து, 2024-ல் சட்டத்தை இறுக்கினார்கள். உன் அலுவலகத்தில் யாராவது "வங்கி வேண்டாம், நேரடியாக ஒப்பந்தம்" என்று சொன்னால், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்.

சட்டம் மாறிய வரலாறு நீளமானது, சுருக்குகிறேன். 1948-ல் செயின்ட் லூயிஸ் ஷெல்லி குடும்பத்தின் வழக்கில், இன ஷரத்தை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் விலகிக்கொண்டார்கள், காரணம் சொல்லவில்லை. அவர்கள் வீடுகளிலேயே அப்படிப்பட்ட ஷரத்து இருந்தது என்று பலரும் நம்புகிறார்கள். ஷரத்து எழுதுவதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. மினசோட்டா புதிதாக எழுதுவதை 1953-ல் தடுத்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாடு கூடாது என்ற சட்டம் கையெழுத்தானது. அதற்குப் பல் முளைத்தது 1988 திருத்தத்தில்தான். அதுவரை வீட்டுவசதித் துறை சமரசம் பேசலாம், அவ்வளவே.

இதற்கிடையில், சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் செய்யாமலே, கருப்பினத்தவரிடம் இருந்த வீடுகளையும் இடித்தார்கள். உங்கள் பக்கத்து செயின்ட் பாலில் ராண்டோ என்ற கருப்பினக் குடியிருப்பின் நடுவே ஐ-94 நெடுஞ்சாலையைக் கொண்டுபோனார்கள். சுமார் 700 வீடுகள் போயின. 2015-ல் நகர மேயரும் மாநிலப் போக்குவரத்துத் துறையும் மன்னிப்புக் கேட்டார்கள். 1940-ல் 6,000 டாலருக்கு வீடு வாங்கிய குடும்பம் அதை அடமானம் வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியது, பேரனுக்கு முன்பணம் கொடுத்தது. வாங்க விடாமல் தடுக்கப்பட்ட குடும்பத்தின் பேரன் இன்று எல்லோருக்கும் ஒரே வட்டி என்கிற வங்கியில்தான் நிற்கிறான், கையில் முன்பணம் இல்லை. தடையை நீக்கிய எந்தச் சட்டமும் அந்த முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. மினசோட்டாவில் வெள்ளைக் குடும்பங்களில் நாலில் மூன்றுக்குச் சொந்த வீடு, கருப்பினக் குடும்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குத்தான்.

இனி நீ செய்ய வேண்டியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'மேப்பிங் ப்ரெஜுடிஸ்' குழு பழைய பத்திரங்களைக் கணினியால் படித்து, தன்னார்வலர்களை வைத்துச் சரிபார்த்து, மினியாபொலிஸுக்குள் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட ஷரத்துகளைக் கண்டெடுத்து வரைபடமாக வைத்திருக்கிறது. அதில் உன் மனையைத் தேடு. இல்லை என்று காட்டினாலும் முடிவு செய்யாதே. கணினிக்கு மங்கிய எழுத்து பிடிபடாது.

விற்பவர் தரும் கடைசிப் பத்திரத்தில் அந்த வரி இருக்காது. "பதிவிலுள்ள ஷரத்துகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு" என்று ஒற்றை வரி இருக்கும். டைட்டில் (மனை உரிமை) காப்பீட்டு அறிக்கையிலும் இனம் பற்றிய வாசகத்தை நீக்கிவிட்டே அச்சிடுவார்கள். நம் ஊரில் தாய்ப்பத்திரம் வரைக்கும் போகிற மாதிரி போக வேண்டும். மினியாபொலிஸ் இருக்கும் ஹென்னபின் மாவட்டத்தில் இரண்டு வகைப் பதிவு உண்டு. உரிமையை அரசே சான்றிதழாகப் பதிந்து தரும் டாரன்ஸ் முறை என்றால் அந்த உரிமைச் சான்றிதழிலேயே ஷரத்துகளின் ஆவண எண்கள் வரிசையாக இருக்கும், அந்த ஆவணத்தை எடுத்தால் போதும். மற்ற வகை என்றால் விற்றவர், வாங்கியவர் சங்கிலியை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிடிக்க வேண்டும். 1910-க்கும் 1953-க்கும் இடைப்பட்டவற்றை வரி விடாமல் படி.

கண்டுபிடித்தால் 2019 சட்டப்படி அதை விடுவிக்கும் படிவத்தைப் பதிவு செய்யலாம். வேண்டியவை: ஷரத்துள்ள ஆவணத்தின் எண், பதிவான தேதி, மனையின் சட்ட விவரணை, உன் பெயரும் திருமண நிலையும், நோட்டரி முன் கையெழுத்து. தெரு முகவரி மட்டும் எழுதினால் ஏற்க மாட்டார்கள். லாட் (மனை), பிளாக் (மனைத் தொகுதி), அடிஷன் (மனைப் பிரிவு) பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். டாரன்ஸ் மனைக்கான படிவத்தை மற்றப் பிரிவில் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள். 'ஜஸ்ட் டீட்ஸ்' என்ற திட்டத்தில் மினியாபொலிஸ் நகரமும் சேர்ந்திருக்கிறது, அவர்களே தேடி எடுத்து இலவசமாகத் தாக்கல் செய்து தருவார்கள். பழைய ஆவணம் அழியாது. அதன்மேல் விடுவிப்பு பதிவாகும், அவ்வளவே. அழியாமல் இருப்பதுதான் சரி என்று நான் நினைக்கிறேன், நடந்ததற்குச் சாட்சி வேண்டும். மனைப் பிரிவு முழுவதற்கும் போட்ட ஷரத்தாக இருந்தால் உன் மனைக்கு மட்டும்தான் விடுவிப்பு செல்லும், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்.

உரிமையாளர் மட்டுமே தாக்கல் செய்ய முடியும் என்பதால் குளோசிங், அதாவது கிரயம், முடியும்வரை படிவம் வேண்டாம். தேடுவதை மட்டும் இப்போதே தொடங்கு. ஸ்கேன் பக்கம் கிடைத்தால் எனக்கும் அனுப்பு. அம்மாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா